சென்னை – ஜித்தா: டிக்கெட்டில் 3 மணி, வானில் 6 மணி

உம்ராவுக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர் டிக்கெட்டைப் பார்த்ததும், "ஜித்தா மூணேகால் மணி நேரம்தானா?" என்று கேட்கிறார்கள். மாலை 3 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு 6.15க்கு ஜித்தாவில் இறங்குவதாகப் போட்டிருந்தால் அப்படித்தான் தோன்றும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், உண்மையில் பறப்பது ஐந்தே முக்கால் மணி நேரம். தூரம் நேர்க்கோட்டில் சுமார் 4,400 கி.மீ.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் முக்கியம் என்றால், இஹ்ராமுக்கான எல்லை வானத்திலேயே வந்துவிடுகிறது. கப்பல் காலத்தில் நம் முன்னோர்கள் செங்கடலில் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். பழைய ஹஜ் வழிகாட்டி நூல்களிலும் இந்தியர்களுக்கு யலம்லம் என்றே இருக்கும். விமானமோ கிழக்கிலிருந்து தரை வழியே வருவதால், பெரும்பாலும் தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸிலைத்தான் முதலில் கடக்கிறது. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் சுமார் 130 கி.மீ. தூரம்தான். அதாவது, தரையிறங்கும் முன் கடைசி இருபது நிமிடத்துக்குள் மீக்காத் கடந்துவிடும். முழு வேகத்தில் விமானம் நிமிடத்துக்கு 15 கி.மீ. போகும். அறிவிப்பு வந்த பிறகு பையைத் தேடி, கழிவறை வரிசையில் நின்று உடை மாற்ற முடியாது.

ஆகவே ஆண்கள் இஹ்ராம் துணியைச் சென்னையிலேயே உடுத்திக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. துணி உடுத்தியதாலேயே இஹ்ராம் ஆகிவிடாது. நிய்யத்தும் தல்பியாவும் மீக்காத்துக்குச் சற்று முன் சொன்னால் போதும். தூக்கம் வருமென்று அஞ்சுபவர்கள் முன்கூட்டியே நிய்யத் செய்துகொள்ளலாம். துணியை லக்கேஜில் போட்டுவிட்டு ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. மீக்காத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். துபை வழியாகப் போகிறவர்கள் அந்த விமான நிலையத்திலேயே உடை மாற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து ஜித்தா 1,700 கி.மீ. முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு துல்ஹுலைஃபா இருக்கிறது.

ரமலானில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. விமானம் மேற்கே போவதால் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறோம். சென்னையில் மஃரிபுக்கு 2 மணி நேரம் இருக்கும்போது புறப்பட்டால், வானில் சூரியன் மறைய கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். கைக்கடிகாரத்தில் சென்னை இஃப்தார் நேரம் வந்துவிட்டதே என்று நோன்பு திறந்துவிடக் கூடாது. ஜன்னல் வழியே சூரியன் தெரிந்தால் இன்னும் பகல்தான். சிரமப்படுகிறவர்களுக்குப் பயணிக்கான சலுகை இருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம்.

திரும்பும்போது எல்லாம் தலைகீழ். காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடலாம்; இரவும் சுருங்கிவிடும். ஜித்தாவில் இரவு 11.30க்கு ஏறினால் அப்போதே நம் ஊரில் நள்ளிரவு 2 மணி. சென்னையில் இறங்கும்போது 7 மணி ஆகி, சூரியன் உதித்திருக்கும். ஃபஜ்ரை வீட்டுக்குப் போய்த் தொழலாம் என்றிருந்தால் களாவாகிவிடும். புறப்பட்டு மூன்றரை மணி நேரம் கழித்து அலாரம் வைத்துக்கொண்டு, உளூச் செய்து, விமானத்திலேயே தொழுதுவிட வேண்டும்.