கோட்டில் ஏறிய கரி

அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களில் நெடுங்காலம் ஒரு கணக்கு இருந்தது: கோட்டு எவ்வளவு கறுத்திருக்கிறதோ, ஆள் அவ்வளவு கைதேர்ந்தவர். புதிதாகச் சேர்ந்தவரின் பளிச்சென்ற கோட்டுக்குக் கேலிதான் கிடைக்கும். கரி படிந்த கோட்டைக் காரின் பின்சீட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனவர்களும் உண்டு.

அந்தக் கரி வெறும் அழுக்கு அல்ல. இன்று ஒரு வீடு பற்றினால் சோபாவின் நுரை, பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் சேர்ந்தே எரிகின்றன. புற்றுநோயைத் தூண்டும் ஹைட்ரோகார்பன்கள் புகையோடு வந்து துணியில் ஏறிக்கொள்ளும். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். கழுத்துதான் பலவீனமான இடம். முகமூடிக்கும் கோட்டுக்கும் நடுவே அங்கே ஒரு மெல்லிய துணிதான் காவல்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று வகைப்படுத்தியது.

பரிகாரத்தில் ஒரு பகுதி ஆச்சரியமான அளவுக்கு எளிது. தீ அணைந்த இடத்திலேயே கோட்டை வெறும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தார்கள்: மேற்பரப்பு நச்சில் சுமார் 23 சதவீதம் போனது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது 85 சதவீதம்!

கழுவிப் போகாத நஞ்சும் ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் தீயணைப்பு வீரர் ஒருவருக்கு 2014இல் புற்றுநோய் தெரியவந்தது. அவர் மனைவி டயான் காட்டர் சந்தேகப்பட்டது புகையை அல்ல, கோட்டை. துணி மாதிரிகள் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் அணு இயற்பியலாளர் கிரகாம் பீஸ்லியின் ஆய்வகத்துக்குப் போயின. புரோட்டான் கற்றை பட்டால் ஃபுளூரின் காமாக் கதிரை உமிழும். அதை வைத்து அளந்தார்கள். கோட்டின் வெளித்துணியிலும் ஈரத்தடுப்பு அடுக்கிலும் ஃபுளூரின் குவிந்திருந்தது. எளிதில் சிதையாத பிஃபாஸ் வேதிப்பொருட்களின் தடயம் அது. அவை சேர்க்கப்படாத உள்ளடுக்குக்கும் பரவியிருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கச் சேர்த்த பொருள்தான் இது. போதாததற்கு, ஈரத்தடுப்பு அடுக்கு 40 மணி நேரம் புற ஊதா ஒளியைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்கத் தரவிதி கேட்டது. கோட்டுக்குள் மறைந்திருக்கும் அடுக்குக்கு எதற்கு வெயில் சோதனை? அதில் தேறியதோ ஃபுளூரின் கலந்த பொருள்தான்.

பிஃபாஸ் சேர்த்த தீயணைப்பு உடைகளை விற்க 2027 ஜனவரி முதல் மாசசூசெட்ஸில் தடை. ஒரு கோட்டுக்குத் தரவிதி தரும் உச்ச ஆயுள் 10 ஆண்டு. முன்பே வாங்கியவை அதுவரை கொக்கியில் தொங்கலாம்.