நாள் முழுதும் மணக்கும் நலுங்கு மாவு

கல்யாண வீட்டில் நலுங்கு வைக்கும்போதும், பிள்ளை பெற்றவளைத் தலைக்கு வார்க்கும்போதும் நம் தாய்மார்கள் தேய்த்துவிட்ட வாசனைப் பொடி இப்போது கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் மணம். குளித்துத் தலை துவட்டி முடிப்பதற்குள் அது போன இடம் தெரிவதில்லை. வீட்டில் அரைப்பவர்களுக்கும் இதே குறைதான். "எவ்வளவு ரோஜாப்பூ போட்டாலும் வாசம் நிற்கவில்லையே, சார்" என்று நம் கம்போங் ராஜா தாய்மார்கள் கேட்பதுண்டு. பூவை இன்னும் அதிகமாகப் போடுவதால் மணம் நிற்காது. மணத்தைப் பிடித்து வைப்பவை வேரும் கிழங்கும் கட்டையும். அவற்றை ஈரமில்லாமல் காயவைத்து அரைத்தால்தான் பொடி மணக்கும். மலையில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது வேலையே பெரும்பாடு.

இக்கலை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி கூந்தலை நீராட்டிக்கொள்ளும் இடத்தில் 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீர் பேசப்படுகிறது. துவர் என்பது துவர்ப்புச் சரக்கு. விரை என்பது நறுமணப் பொருள். வடமொழியில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் 'கந்தயுக்தி' என்று மணப்பொருள் கூட்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். 16 சரக்குகளில் நான்கு நான்காக எடுத்தால் 1,820 சேர்க்கைகள் வரும் என்று அதில் கணக்கும் காட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையோடு காலம் கழித்த அடியேனுக்கு இந்தக் கணக்கின் மேல் தனிப் பிரியம். பிள்ளைகள் வேண்டுமானால் போட்டுப் பார்க்கட்டும், சரியாக வரும்.

மணம் என்பது பொருளிலிருந்து ஆவியாகிப் பறக்கும் நுண்துகள்தான். எலுமிச்சைத் தோல், செராய் போன்றவற்றின் துகள்கள் இலேசானவை. ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடும். ரோஜா, மல்லிகை இடைத்தரம். வெட்டிவேர், சந்தனம் ஆகியவற்றின் எண்ணெய்த் துகள்கள் கனமானவை. மெல்ல மெல்லத்தான் கிளம்பும். கனமான மணத்தோடு கூட்டி வைத்தால் இலேசான மணமும் சற்றுத் தாமதித்தே பிரியும். பூவை மட்டும் அரைத்த பொடி சீக்கிரம் மணம் இழப்பது இதனால்தான். ஒரு பிடி பூவுக்கு இரண்டு பிடி வேரும் கிழங்கும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இனி அளவு. பச்சைப் பயறு அரைக் கிலோ. பூலாங்கிழங்கு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50, வெட்டிவேர் 50, கோரைக்கிழங்கு 50, கச்சோலம் 25. உலர்ந்த ரோஜா இதழ் 50, ஆவாரம்பூ 50, மகிழம்பூ 25. கை கொடுத்தால் நல்ல சந்தனத்தூள் ஒரு மேசைக்கரண்டி. ஈப்போ லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடைகளில் இவற்றைக் கேட்டு வாங்கலாம். சிம்பாங் பூலாய் சாலை வந்த பிறகு ஈப்போ நமக்குத் தூரமில்லை.

வாங்கும்போது இரண்டு சரக்கில் கண் வேண்டும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்கையும் விற்கிறார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உட்புறம் வெளிறியிருக்கும், உடம்பில் மஞ்சள் கறை அப்பாது, கற்பூரம் கலந்தாற்போல் ஒரு மணம் வரும். சந்தனத்தூள் என்று விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மரத்தூளில் வாசனை தெளித்ததே. சிறிது எடுத்து மணிக்கட்டில் தேய்த்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கப் போங்கள். மாலையிலும் மணம் இருந்தால் அது சந்தனம்.

கச்சோலம் வாங்க ஈப்போவுக்குக்கூடப் போக வேண்டாம். மலாய்க்காரர்கள் உலாமில் பச்சை இலையாகச் சாப்பிடும் செக்கூர்தான் நம் கச்சோலம். அதன் கிழங்கைப் பசாரில் வாங்கலாம், தொட்டியிலும் வளர்க்கலாம். அதுபோலவே அவர்கள் நீலாம் என்று சொல்லும் செடி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பச்சௌலி என்ற பெயர் தமிழிலிருந்து போனது என்று அகராதிகள் காட்டுகின்றன. பச்சை இலையில் மணம் குறைவு. நிழலில் காய்ந்து பக்குவப்பட்ட பிறகுதான் அதன் குணம் தெரியும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தியே காஷ்மீர்ச் சால்வைகளுக்கு நடுவே பூச்சி வராமல் இருக்க இந்த இலையை வைத்து அனுப்பினார்கள். நம் பொடியில் 10 கிராம் சேர்த்தால் போதும். அதற்கு மேல் போனால் மற்ற மணங்களை அமுக்கிவிடும்.

சரக்கு கிடைத்துவிடும். காய்வதுதான் கஷ்டம். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காலையில் வெயில், பகலுக்குப் பின் மூட்டம். சேலத்து மொட்டை மாடியில் இரண்டு நாளில் காயும் சரக்கு இங்கே ஒரு வாரமானாலும் உள்ளே நமத்தே இருக்கும். அந்த ஈரத்தோடு அரைத்து மூடி வைத்தால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பொடியை மறுபடி காயவைத்து உபயோகிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குப்பையில் கொட்டுங்கள். குழந்தையின் தோலில் தேய்க்கிற பொருள் அது.

ஆகவே கிழங்குகளை முழுசாகக் காயவைக்காமல் மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். வெட்டிவேரை மண் போக அலசி, கத்திரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக்க வேண்டும். வெயில் தவறினால் அடுப்புப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், 50 டிகிரிக்கு மேல் போகாமல், கதவைச் சற்றே திறந்து வைத்து உலர்த்தலாம். சூடு ஏறினால் ஈரத்தோடு மணமும் போய்விடும். பயறை மட்டும் தனியாக இலேசாக வறுக்கலாம்; மணச் சரக்கு எதையும் வாணலியில் போடவே கூடாது. கிழங்கு வில்லையை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. பூவிதழ் உள்ளங்கையில் கசக்கினால் தூளாக உதிர வேண்டும். அதன் பிறகே அரைப்பு.

மாவு மில்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் முன்னால் போனவர் என்ன அரைத்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிளகாய்த்தூள் அரைத்த இயந்திரத்தில் நலுங்கு மாவு அரைத்தால் மாப்பிள்ளையின் கதி என்னவாகும்! மில்லிலிருந்து மாவு சூடாக வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து மறுபடியும் ஈரம் சேரும். அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். வெட்டிவேர் நார் துணியில் தங்கும். அதை எறியாமல் சிறு முடிச்சாகக் கட்டிக் குளிக்கும் வாளியில் போடலாம்.

நம் தோட்டத்து மக்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தேயிலைத் தூளைச் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் தேநீரில் சவர்க்கார வாடை அடிக்கும். உலர்ந்த பொருள் பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பை வைத்தே சீனர்கள் தேயிலையோடு மல்லிகைப் பூவைப் பரப்பி மல்லிகைத் தேநீர் செய்கிறார்கள். பொடிக்கும் அதே வழிதான். சலித்த பொடியின் மேல் மெல்லிய துணியை விரித்து, அதன் மேல் நீர்த்துளி இல்லாத மல்லிகை மொட்டுகளைப் பரப்பி, இரவு முழுதும் மூடி வைத்து, பூ பழுக்குமுன் காலையில் எடுத்துவிட வேண்டும். பூவின் ஈரம் பொடியில் இறங்குமாகையால் உடனே மறுபடி உலர்த்துவது அவசியம். மூன்று இரவு செய்தால் போதும். இன்னொரு பழைய வழி தூபம். நல்ல சாம்பிராணிப் புகையின் மேல் காய்ந்த மண்பானையைக் கவிழ்த்துப் புகை பிடிக்கவைத்து, பானை ஆறிய பின் பொடியைக் கொட்டி வாயைக் கட்டி ஒரு வாரம் வைப்பது. கப் சாம்பிராணி இதற்கு ஆகாது. அதில் கரித்தூளும் செயற்கை வாசனையும் கலந்திருக்கும்.

சேர்க்கக் கூடாதவை சில உண்டு. பழைய குறிப்புகளில் கார்போக அரிசி வரும். அதிலுள்ள சோரலன் என்னும் சத்து தோலில் பட்ட பிறகு வெயிலில் நின்றால் தோல் கருகிக் கொப்புளிக்கலாம். கொழுந்தெடுப்பவர்களும் தோட்ட வேலை செய்பவர்களும் அதிகமுள்ள நம் ஊருக்கு அது வேண்டவே வேண்டாம். அடுத்தது ரோஜா. கூப்பிடு தூரத்தில் பூப்பண்ணைகள் இருக்கையில் காசு கொடுத்துக் காய்ந்த இதழ் வாங்குவானேன் என்று தோன்றும். பண்ணைப் பூ கண்ணுக்காக வளர்ப்பது. பூச்சி மருந்து அடிக்காமல் வருவது அரிது. வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் பூத்தது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, பொடி டப்பாவைத் துணிமணியோடு அந்துருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள். ஜி-6-பி-டி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நெடியே இரத்தத்தைக் கெடுக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் இந்தக் குறைபாட்டுக்குச் சோதனை செய்கிறார்கள். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தாய்மார்கள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குளித்த பின் பூசிக்கொள்ளும் பவுடரைப் பற்றியும் கேட்கிறார்கள். கடைப் பவுடர்களில் நெடுங்காலமாக இருந்து வந்தது டால்க் என்னும் கல்மாவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 ஜூலையில் அதனைப் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. அதற்குப் பதில் மலாய்த் தாய்மார்களின் பெடாக் செஜூக்கை நாம் பின்பற்றலாம். பச்சரிசியை ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, வாரக்கணக்கில் விட்டால் அரிசி தானே கரைந்து புளிப்பு வாடையும் நீங்கும். அதை அரைத்து வடிகட்டித் தெளியவைத்து, மேல் நீரை இறுத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகத் துணியில் விட்டு உலர்த்துவார்கள். பாண்டான் இலையும் கெனாங்கா, மல்லிகைப் பூக்களும் அதற்கு மணம் கொடுக்கும். இதை நீரில் குழைத்து முகத்தில் பூசுவது அவர்கள் வழக்கம். நன்கு காய்ந்ததை நுணுக்கிச் சலித்து, பத்துக்கு ஒரு பங்கு வெட்டிவேர்ப் பொடி கலந்தால் பெரியவர்களுக்கு உலர்ந்த பவுடராகவும் ஆகும். எந்தப் பவுடரானாலும் குழந்தையின் முகத்துக்கு நேரே தட்டாதீர்கள். மூச்சோடு உள்ளே போகும்.

புதிதாக அரைத்ததை முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு உடம்புக்குத் தேய்க்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவு அரைக்க வேண்டாம். சரக்கு அரைபடாமல் இருக்கும் வரை மணம் உள்ளேயே இருக்கும். பெரும்பகுதியைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, அரைத்த தேதியை எழுதி ஒட்டி அடுக்களைக்கு எட்டத்தில் வையுங்கள். குளியலறைக்கு ஒரு வாரத்துக்கான பொடி போதும், அதையும் ஈரக் கை படாமல் கரண்டியால் எடுங்கள்.