கப்பலிற் பந்தி

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்த பழமொழி. இதனை வெறும் நகைமொழி யென்று தள்ளிவிடுவாரும் உளர். ஆயினும், பலர் கூடி உண்ணுமிடத்து முந்தினோர்க்கும் பிந்தினோர்க்கும் ஒரே தன்மையான உபசாரம் கிடைப்பது அரிது என்னும் அநுபவ உண்மை அதனுள் அடங்கியுள்ளது. இவ்வுண்மை தரைக்கே யன்றிக் கடலுக்கும் பொருந்தும். ஆயிரக்கணக்கான பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல்களில், அத்துணைப் பேருக்கும் வேளை தவறாது விருந்தளித்தல் எங்ஙனம்? அவரவர் விரும்பிய நேரத்தில் உண்ணவும், முன்னரே மேசை குறித்து வைத்துக்கொள்ளவும் அங்குச் செய்துள்ள ஏற்பாடுகள் யாவை? அவற்றால் விளையும் நன்மை தீமைகள் எவை? இவற்றைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் நம் தஞ்சை நாட்டுக் கலியாணப் பந்தியை நினைவு கூர்வோம். கூடத்தில் நூறு இலை போடலாம்; வந்திருப்போர் முந்நூற்றுவர். ஆகவே மூன்று பந்திகள் நிகழும். ஒரு பந்தி முழுவதும் எழுந்த பின்னரே இலைகளை எடுத்து, இடத்தைத் துடைத்து, அடுத்த பந்திக்கு இலை போடுவர். பரிமாறுவோர்க்கு இம்முறை மிக எளிது. எல்லா இலைக்கும் ஒரே சமயத்திற் சாம்பாரும், பின்னர் ரசமும், பின்னர் மோரும் வரிசையாகச் செல்லும். ஆனால் பசித்த குழந்தைக்கும் ரயிலுக்குச் செல்லவேண்டியவர்க்கும் இம்முறை விட்டுக்கொடாது. மூன்றாம் பந்திக்குப் பாயசம் நீர்த்துப் போதலும் உண்டு.

கப்பல்களில் நெடுங்காலம் வழங்கிவந்ததும் ஏறக்குறைய இப்பந்தி முறையே. பெரிய போஜனசாலையில் மாலை 6 மணிக்கு ஒரு பந்தியும், 8 மணியையொட்டி மற்றொரு பந்தியும் நடைபெறும். பிரயாணி எந்தப் பந்தியைச் சேர்ந்தவர், எந்த மேசையில் அமர்பவர் என்பது புறப்படும்போதே தீர்மானமாகிவிடும். பிரயாணம் முடியுமட்டும் அதே நேரம், அதே மேசை, அதே துணைவர், அதே பரிசாரகர். இதனால் இரண்டொரு நாட்களிலேயே பரிசாரகர் ஒவ்வொருவரின் சுவையையும் அறிந்துகொள்வார், அறிமுகமில்லாதார் நண்பராவர், சமையற்காரர்க்கும் எந்நேரத்தில் எத்தனை பேருக்கு வேண்டுமென்பது திண்ணமாகத் தெரியும். குறை யாதெனின், கரையிறங்கி ஊர் பார்த்துத் தாமதமாய்த் திரும்புவோர் தம் பந்தியை இழப்பர். மனம் ஒவ்வாதாருடன் ஒரே மேசையிற் பல நாள் அமர நேர்தலும் உண்டு.

கடற்பிரயாணம் நம் சோழவளநாட்டார்க்குப் புதிதன்று. 1926-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் நீராவிக் கப்பல், சென்னையினின்றும் நாகப்பட்டினத்தினின்றும் பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைகளுக்குச் சென்றுவந்தது. அதில் மேல்தட்டுப் பிரயாணிகளாக மட்டும் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் ஏறத் தொடக்கத்தில் அனுமதி இருந்தது. உயர்ந்த வகுப்பார் போஜனசாலையில் மேசையருகே அமர்ந்து உண்டனர். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற ஏழை எளியார்க்கு நேரமும் மேசையும் தெரிந்தெடுக்கும் பேச்சே இல்லை. 1973-ஆம் ஆண்டோடு ‘ரஜூலா’வின் சேவை முடிவுற்றது. அதன் பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்கள் மாண்டதனோடு அவ்வழியினின்று நீங்கிற்று.

விரும்பிய வேளையில் உண்ணும் வசதி முதலிற் செல்வர்க்கே கிட்டியது. 1905-ஆம் ஆண்டில் ‘அமெரிக்கா’ என்னும் ஜெர்மானியக் கப்பலிலும், 1912-ல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலிலும், தனிப்பணம் கொடுத்து வேண்டியதை வேண்டியபோது உண்ணத்தக்க உணவுச்சாலைகள் அமைந்திருந்தன. இவ்வசதியைப் பொதுப் பிரயாணிகளுக்கும் உரியதாக்கி, பந்தியும் நிலைத்த மேசையும் இல்லாத முறையை 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் கம்பெனியார் தொடங்கினர். பிற கம்பெனியாரும் சிறிது சிறிதாக அதனைத் தழுவினர். நம் சென்னைத் துறைமுகத்தினின்றும் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டமையால், இச்செய்தி தமிழ்நாட்டார்க்கும் அயலானதன்று.

இனி, இம்முறையின் உட்கணக்கைக் காண்போம். ஒரு கப்பலில் 2000 பிரயாணிகளும், போஜனசாலையில் 1000 இருக்கைகளும் உள்ளன என்று கொள்வோம். சாலை மாலை 5½ மணிமுதல் 9½ மணிவரை நான்கு மணி நேரம் திறந்திருக்கிறது. ஒருவர் உண்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். எனவே ஓர் இருக்கையில் இருவர் ஒருவர்பின் ஒருவராக அமரலாம். பின்னும் ஒரு மணி நேரம் எஞ்சும். காகிதக் கணக்கில் யாதொரு குறையுமில்லை. ஆனால் யாவரும் சொல்லிவைத்தாற்போல 7 மணிக்கே பசியெடுத்து 1500 பேர் வாயிலில் வந்து நிற்பராயின் நிகழ்வது யாது? ஆயிரவர் அமர்வர், ஐந்நூற்றுவர் 8½ மணிவரை நிற்பர். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தமையால் அவர்க்கு ஒரு பயனுமில்லை. ஆகவே, இடம் போதாமை வேறு, ஒரே நேரத்தில் நெருக்கம் வேறு என்று அறிக.

இதனைக் காவிரிக் கரையார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேட்டூர் அணையினின்று விடப்படும் நீர் கல்லணையிற் பிரிந்து, கிளையாறுகள் வாய்க்கால்கள் வழியே வயல்களை அடைகிறது. மொத்த நீர் போதுமானதாயினும், தலைமடையார் யாவரும் ஒரே சமயத்தில் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை காய்கிறது. அதனாலன்றோ நீர் குறைந்த காலத்தில் முறைப்பாசனம் வைத்து, இத்தனை நாள் இவ்வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அவ்வாய்க்காலுக்கு என்று பகுத்து விடுகின்றனர்! கப்பலில் மேசையை முன்னரே குறித்துவைக்கும் ஏற்பாடும் இத்தகையதே. கால் மணிக்கு இத்தனை மேசைகள் என்று வகுத்து, அவற்றை முன்கூட்டிக் கேட்போர்க்கு அளிப்பர். ஒரு பகுதியைக் குறிக்காமல் வருவோர்க்கென ஒதுக்குவர். குறித்தவர் சிறிது நேரம் தாழ்த்தும் வாராராயின் அம்மேசையைக் காத்திருப்போர்க்குக் கொடுத்துவிடுவர். நால்வர் மேசையை இருவர் கொண்டால் இரண்டு இடம் வீணாதலின், பிறருடன் சேர்ந்து அமர இசைவோர்க்கு விரைவில் இடம் கிடைக்கும்.

இம்முறையிலும் இடையூறு இல்லாமலில்லை. 2014-ஆம் ஆண்டில் ராயல் கரீபியன் கம்பெனியார் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ என்னும் புதுக்கப்பலில் பெரும் போஜனசாலையை ஒழித்து, அதனைப் பல சிறு சாலைகளாக்கி, நாடோறும் விரும்பிய சாலையில் மேசை குறித்துக்கொள்ளச் செய்தனர். ஒவ்வொரு மாலைக்கும் தனித்தனியே இடம் தேடுவது ஓய்வுக்கு வந்தோர்க்குச் சுமையாயிற்று, முறைப்பாடுகள் எழுந்தன, கம்பெனியாரும் பின்னர்ப் பழைய முறைக்கே திரும்பினர். தெரிவுகள் மிகுதல் எப்பொழுதும் சுகம் மிகுதலாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவற்றினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. மேசை குறித்தல் கைபேசி வழியே நிகழுமிடத்து, அதனைக் கையாளத் தெரிந்த இளைஞர் முந்திக்கொள்வர். அறியாத முதியோர் வாயிலில் நிற்பர். மிகுந்த கட்டணம் செலுத்தினோர்க்கு முதலிடம் தரும் கப்பல்களும் உள. எந்த முறையாயினும், அதன் தகுதியை முதலிற் குறித்தவரைக் கொண்டன்று, இறுதியில் வருபவரைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இதற்கு நம் தஞ்சையிலேயே ஓர் உரைகல் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர், இராமேசுவர யாத்திரை வழியிலிருந்த சத்திரங்களின் தருமத்தைக் காக்கவேண்டி, 1801-ஆம் ஆண்டில் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சகல சாதியாரான வழிப்போக்கர்க்கும் அங்கு உணவளிக்கப்படுகிறது என்றும், சமைத்த சோறு உண்ணாதார்க்கு அரிசி முதலிய பண்டங்கள் வழங்கப்படுகின்றன என்றும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதார் எவரேனும் உளரேல் வந்து பெற்றுக்கொள்க என்று அறிவிக்கப்படுகிறது என்றும் அவர் அதிற் குறித்துள்ளார். அக்காலத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்திலர். அக்குறையை மறைத்தல் கூடாது. ஆயினும், பிந்தி வந்தானையும் பெயரறியாதானையும் எண்ணி, அவனுக்கெனச் சோறு வைத்து மணியடித்த அந்நினைவு போற்றத்தக்கது.

மாணவ நண்பர்காள்! நாளை நீவிர் கப்பலேறினும், விடுதியின் உணவுச்சாலைக்குப் பொறுப்பேற்பினும், ஊரிற் கலியாணப் பந்தி நடத்தினும், இதனை உளத்திற் கொள்வீராக. மேசை குறித்தவர் குறித்த நேரத்திற் செல்லல் வேண்டும். செல்ல இயலாதாயின் முன்னரே அறிவித்து இடத்தை விடுவித்தல் வேண்டும். உண்டு முடித்தபின் வீண்பேச்சில் இடத்தை அடைத்திருத்தல் ஆகாது. பந்திக்கு முந்துதல் பசியின் இயல்பு. பிந்தி வருவானுக்கு இலை உளதா என்று நோக்குதலே பண்பின் இயல்பு.