கூழை தாங்கிய சந்தா சாகிபு

திண்டுக்கல் மலைக்கோட்டையை நாள்தோறும் கண்டு கடக்கும் நமக்குச் சந்தா சாகிபு என்னும் பெயர் புதிதன்று. மதுரை நாயக்கர் வாரிசுப் பூசலில் அரசி மீனாட்சிக்கு வாக்களித்துத் திருச்சிராப்பள்ளியுள் நுழைந்தவர். பின்னர் அவ்வரசையே கவர்ந்தவர். அம்மையநாயக்கனூர்ப் போரில் பங்காரு திருமலையின் படை தோற்றபின் நம் சமவெளியும் அவர்வசமாயிற்று. வாக்குத் தவறியவர் என்னும் பழியை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவர் வாழ்வில் ஒருநாள் தமிழ்ப் புறத்துறை ஒன்றுக்கு உரையாக நிற்கின்றது.

படையின் முன்னணியைத் தார் என்றும், பின்னணியைக் கூழை என்றும் வழங்கினர் முன்னோர். தம் படை பின்வாங்குகையில் அதன் பின்புறத்தே நின்று பகையைத் தடுப்பதைத் தொல்காப்பியர் தும்பைத் திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனை ‘எருமை மறம்’ என்னும். இப்பெயரைச் சொன்னவுடன் வகுப்பில் சிரிப்பெழும்; கொம்பு தாழ்த்தி அசையாது நிற்கும் கடாவை நேரிற் கண்டவர் சிரியார்.

ஆற்காட்டு நவாபு பதவிக்கும் ஐதராபாத் நிஜாம் பதவிக்கும் உரிமை கோரியோர் தம்முள் பொருத காலம் அது. 1749இல் ஆம்பூரில் அன்வாருத்தீன் வீழ்ந்தார். சந்தா சாகிபும் முஸாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தனர். முஸாபரின் தாய்மாமன் நாசிர் ஜங், அன்வாருத்தீன் மகன் முகம்மது அலியோடும் ஆங்கிலேயரோடும் பெரும்படை கொண்டு எதிர்வந்தார். 1750 ஏப்ரல் தொடக்கத்தில் இரு படைகளும் வழுதாவூர்ப் பக்கம் எதிரெதிர் நின்றன. அந்நேரம் பார்த்துப் பிரெஞ்சு அதிகாரிகள் 13 பேர், தஞ்சைப் பணத்தில் தமக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று பதவி துறந்தனர்! தளபதி இரவோடிரவாகப் புதுச்சேரிக்குத் திரும்ப முடிவு செய்தார். பீரங்கியாளர் சிலர் செய்தியறியாது பின்தங்கி, விடிந்ததும் வெட்டுண்டனர்.

முஸாபர் ஜங் திரும்ப மறுத்தார். சிறையிடமாட்டேன் என்று திருக்குர்ஆன்மீது நாசிர் ஜங் செய்த ஆணையை நம்பிச் சரணடைந்தார், விலங்கு பூண்டார். சந்தா சாகிபு அவ்வழியை நாடவில்லை. ஆணையின் விலை அவருக்குத் தெரியாததன்று.

பின்வாங்கிய படையை முராரி ராவின் மராட்டியக் குதிரைகள் துரத்தின. பிரெஞ்சுக்காரர் சதுர வியூகம் வகுத்தனர். முராரி ராவ் சிறு குழுவுடன் அதனைப் பிளந்து உட்புகுந்து, தம்மவர் பலரை இழந்து மறுபுறம் வெளியேறினார். தம் குதிரைப்படையுடன் கூழையில் நின்ற சந்தா சாகிபு, தாக்குதல் ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பி எதிர்த்து, புதுச்சேரி எல்லை வேலி வரை அப்படையைக் காத்துக் கொணர்ந்தார். அவ்வழியில் வீழ்ந்த ஐரோப்பியர் 19 பேரே என்பர். உடன்வீழ்ந்த நம் நாட்டுக் குதிரைவீரரை எண்ணிவைத்தார் யாருமிலர்.