தம்போய் மதிலும் பட்டாணிச் சுரப்பியும்

ஜொகூரில் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால், ‘இவன தம்போய்க்குத்தான் அனுப்பணும்’ என்பார்கள். 1937-ல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையால் வந்த பேச்சு. இன்று அதன் பெயர் பெர்மாய். அதே 1937-ல்தான், பிரசவத்தில் ரத்தம் கொட்டிய பெண்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போவதை ஹெரால்ட் ஷீஹன் எழுதினார். ஆண்டு ஒன்றானது தற்செயல்தான். ஆனால் அந்த நோய் பைத்தியமாகத் தோற்றம் காட்டவும் கூடும்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி பிட்யூட்டரி. கர்ப்பத்தில் பருக்கும், ரத்தம் குறைந்தால் தாங்காது. முதல் அடையாளம், பிள்ளைக்குப் பால் சுரக்காது. பிறகு தீட்டு நிற்கும். அக்குள் முடி உதிரும். ஆண்டுகள் போகப்போக அசதி. ஜொகூர் வெயிலிலும் குளிர்கிறதென்று போர்த்திக்கொள்வாள். உப்புச்சத்து இறங்கினால் பேச்சும் குழறும். லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்ற காலத்தில் இதற்குச் சோம்பல், பேய்க்கோளாறு என்றுதான் பெயர் கிடைத்திருக்கும். இதற்கு மருந்தாகும் கார்ட்டிசோன் 1940-களின் கடைசியில்தான் நோயாளிகளைத் தொட்டது. ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் முறையை யாலோவும் பெர்சனும் தந்தது அதற்கும் பிறகு.

இன்றோ, காலைநேர ரத்தத்தில் கார்ட்டிசோல், தைராய்டு, தலைக்கு எம்.ஆர்.ஐ. என்று போனால் நோய் பிடிபடும். ஒரு பொறி உண்டு. தைராய்டுக்கு, அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே காட்டலாம். கோளாறு மேலிடமான பிட்யூட்டரியில் அல்லவா! தைராய்டு ஹார்மோனான எஃப்.டி.4-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்திலும் வரிசை மாறக்கூடாது: முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகே தைராக்சின். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான். என் பார்வையில், எந்தக் கருவியையும்விட இருபது வருடத்துக்கு முந்திய பிரசவத்தைப் பற்றி ‘பால் வந்துச்சா அக்கா?’ என்று கேட்கும் டாக்டர்தான் கெட்டிக்காரர்.

பிரசவம் மருத்துவமனைக்கு மாறி, ரத்த வங்கியும் வந்தபின் ஷீஹன் நோய் அருகிவிட்டது. இப்போது பிட்யூட்டரி செயலிழக்கப் பெரும்பாலும் சுரப்பியில் வரும் கட்டி, அதற்கான அறுவை, கதிர்வீச்சு ஆகியவையே காரணம். தலைக்காயமும் உண்டு. விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார்சைக்கிளில் விரையும் ஊர் இது. விழுந்து தலையில் அடிபட்டவர் மாதங்கள் கழித்தும் எழ முடியாமல் படுத்திருந்தால், வீட்டில் இன்றும் முதலில் சொல்வது ‘சோம்பேறி’ என்றுதான்.