'ஞாபகம் இருக்கா?'னு கேட்காதீங்க!

காலையில சாப்பிட்டது என் ராமேஸ்வரத்து அப்பத்தாவுக்கு மறந்துபோச்சு. ஆனா, 1964 டிசம்பர் 22 ராத்திரி? பாம்பன்ல கிளம்பின பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி போய்ச் சேராம அலையில போனது எல்லாம் நேத்து நடந்த மாதிரி சொல்வாங்க. மறதி நோய் பெரும்பாலும் புது ஞாபகங்களைத்தான் முதல்ல தின்னும் பாஸ்!

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பாட்டி இருக்காங்களா? 'ஞாபகம் இருக்கா?'னு பரீட்சை வைக்காதீங்க, மிரண்டுடுவாங்க. 'உங்கம்மா மீன் குழம்பு எப்படி வைப்பாங்க?'னு ஆரம்பிங்க. செல்போன் ரெக்கார்டர் ஓடட்டும். (நடுவுல இருமல், குக்கர் விசில் எல்லாம் வரும். வரட்டுமே!) 'முடியாதவங்களைத் தொல்லை பண்ணாதே'ம்பாங்க பெரியவங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. கஞ்சிக்குக்கூட எழாத அப்பத்தா, கதைன்னா எழுந்து உட்கார்றாங்க.

அந்த ரயில்ல போன அவங்க அண்ணன் திரும்பலை. சில ராத்திரி அது மட்டும் மறந்துபோகுது. 'அண்ணன் வரட்டும், லைட்டை அணைக்காதே'ங்கிறாங்க. நாங்க அணைக்கிறதில்லை.