தொலைந்ததும் கொடுத்ததும்: கல்லறை நிலத்தில் மெட்டல் டிடெக்டர்

மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருட்கள் எல்லாம் ஒரே வழியில் அங்கு வந்து சேர்ந்தவை அல்ல. வயல் வரப்பில் நடந்தவரின் மடியிலிருந்து நழுவிய காசும், படையெடுப்புக்கு அஞ்சி, பின்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு பானையில் இட்டுப் புதைத்த செல்வமும், இனி எக்காலத்தும் திரும்ப எடுப்பதில்லை என்ற முடிவோடு இறந்தவரின் உடலருகே வைத்த அணிகலனும் இன்று ஒரே அடி ஆழத்தில், ஒரே களிம்பேறிக் கிடக்கக்கூடும். முதலாவது தொலைந்த பொருள். இரண்டாவது ஒளித்த பொருள். மூன்றாவது கொடுத்த பொருள். மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டிக் கருவிக்கு இந்த மூன்றும் ஒரே ஓசைதான். அக்கருவியைப் பொழுதுபோக்காகக் கையாளும் வழக்கம் வேரூன்றிய இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்லறை நிலங்களைப் பற்றி நடந்துவரும் விவாதம், கருவியால் உணர முடியாத அந்த வேறுபாட்டைக் கருவியை ஏந்தியவர் உணர வேண்டுமா என்பதைப் பற்றியதே.

கருவி இயங்கும் முறை எளியது. வட்ட வடிவக் கம்பிச்சுருள் ஒன்றில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது; அப்புலம் மண்ணடியில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் பிடித்து ஓசையாக மாற்றுகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1881இல் சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து முயன்று தோற்றார். நோயாளி கிடந்த மெத்தையின் எஃகுச் சுருள்கள் குழப்பியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கெர்ஹார்ட் ஃபிஷர் 1937இல் காப்புரிமை பெற்ற கருவியும், இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்துக் கண்ணிவெடி அகற்றப் பயன்பட்ட கருவியும் இதன் அடுத்த படிகள். விலை குறைந்து பொழுதுபோக்காளர் கைக்கு வந்த இன்றைய கருவி, காசு அளவுள்ள பொருளைப் பெரும்பாலும் ஓரடிக்குள்தான் உணரும்.

இந்த ஓரடிக் கணக்கே பழைய தேவாலயங்களை ஒட்டிய இடுகாடுகளில் கருவியோடு அலைபவர்களின் முதல் வாதமாக நிற்கிறது. உடல் ஆறடிக்குக் கீழே கிடக்கிறது, தேடுவதோ மேல்மண்ணில் யாரோ தவறவிட்ட காசு, இதில் இறந்தவருக்கு என்ன இடையூறு என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இவ்வாதம் இடுகாட்டின் நடைமுறையை அறியாதது. ஆறடி என்பது பேச்சு வழக்கே தவிர, எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்பட்ட அளவு அன்று. ஏழைகளும் குழந்தைகளும் பல இடங்களில் ஆழம் குறைந்த குழிகளிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே நிலத்தில் குழியின்மேல் குழி வெட்டிய பழைய இடுகாடுகளில் எலும்புத் துண்டுகளும் சவப்பெட்டி ஆணிகளும் கைப்பிடிகளும் மேல்மண்ணிலேயே கலந்துகிடக்கும். அதைவிட முக்கியமானது, மேல்மண்ணில் கிடப்பதெல்லாம் தவறவிட்டதல்ல என்பது. துணைவரின் மோதிரத்தையோ பதக்கத்தையோ கல்லறைக் கல்லின் அடியில் கையால் மண்ணைக் கிளறிப் புதைத்துச் செல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் படைவீரர்களின் கல்லறைமேல் காசு வைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. அந்தக் காசு கல்லிலிருந்து உருண்டு புல்லுக்குள் புதைந்துவிட்டால் அது தொலைந்த பொருளாகிவிடுமா? ஆகாது என்றே சொல்ல வேண்டும்.

இதே நிலங்களில் கருவிக்கு முறையான வேலையும் உண்டு. புல் மூடி மறைந்த எல்லைக்கம்பிகளையும் சாய்ந்து புதையுண்ட இரும்புக் கல்லறை அடையாளங்களையும் கண்டுபிடிக்க இடுகாட்டுப் பணியாளர்களே இரும்பை உணரும் கருவிகளைக் கையாளுகிறார்கள். அங்கே தேடுபவர், தேடும் பொருள், அது சென்று சேரும் இடம் மூன்றும் இடுகாட்டுக்கே உரியவை.

புழக்கத்திலுள்ள இடுகாட்டைவிடச் சிக்கலானது, இடுகாடு என்பதே மறந்துபோன பழைய ஈம நிலம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்னுமிடத்தில் பேசில் பிரவுன் தொடங்கிய அகழாய்வு 1939இல், ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள கப்பலில் வைத்து மண்மேடிட்ட ஏழாம் நூற்றாண்டுத் தலைவனின் அடக்கத்தை வெளிக்கொணர்ந்தது. பொன்னும் வெள்ளியும் குவிந்த அந்தக் குழியின் பொருட்கள் யாருக்கு உரியவை என்பதைத் தீர்மானிக்க அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் விசாரணை நடந்தது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, உரியவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்துவைத்த பொன்னும் வெள்ளியுமே புதையலாகக் கருதப்பட்டு அரசுக்குச் சேரும். இறந்தவனோடு ஊரறியப் புதைத்ததை மீண்டும் எடுக்கும் எண்ணம் யாருக்கும் இருந்திருக்க முடியாது என்பதால் அவை புதையல் அல்ல, நிலத்துக்குரிய ஈடித் பிரெட்டி அம்மையாருக்கே சொந்தம் என்று நடுவர் குழு முடிவு செய்தது. அவரோ அனைத்தையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். சொத்துரிமைக்காக எழுந்த அந்த வழக்கில், பொருளை வைத்தவரின் எண்ணம் என்ன என்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சட்டம் கேட்டது. அறநெறி கேட்க வேண்டிய கேள்வியும் அதுவேதான். சட்டம் முந்திக்கொண்ட அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அந்தக் கேள்வியைக் கைவிட்டது. பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் பொன்னோ வெள்ளியோ கலந்த, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தனிக் காசு அல்லாத பொருளாயின் அது எந்த எண்ணத்தோடு புதைக்கப்பட்டிருந்தாலும் புதையலே ஆகும். கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்கினால் கிடைக்கும் வெகுமதி பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கிடப்படும். இந்த ஏற்பாட்டின் பயனை மறுக்க முடியாது. அதனுடன் தொடங்கிய பழம்பொருள் பதிவுத் திட்டத்தில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன. ஆனால் தொலைந்த மோதிரமும் கல்லறை அணியும் ஒரே விலைப்பட்டியலில் வந்துவிட்டன. எலும்புக்குத் தனிச் சட்டக் காவல் இருக்கிறது. 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி மனித எச்சத்தை உரிமமின்றி அகற்றுவது குற்றம். அந்த எலும்பின் தோளில் கிடந்த பொன்னணியை எடுத்தவருக்கோ வெகுமதி கிடைக்கக்கூடும்.

கல்லறைப் பொருளைத் தனியே எடுப்பதால் நேரும் இழப்பு என்ன என்பதைச் சட்டன் ஹூவின் பணப்பை ஒன்றே காட்டும். அதற்குள் 37 பொற்காசுகளும், முத்திரை பதிக்காத 3 வெறும் பொன்வட்டுகளும், 2 சிறு பொற்கட்டிகளும் இருந்தன. கப்பலைச் செலுத்தும் 40 துடுப்பர்களுக்கும் சுக்கான் பிடிப்போருக்கும் மறுமைப் பயணத்துக்கான கூலி என்று இந்தத் தொகையை விளக்கும் கருத்து ஒன்று உண்டு. கருத்து சரியோ தவறோ, அப்படி எண்ணிப் பார்க்க இடம் கொடுத்தது காசு அல்ல, காசோடு சேர்ந்து கிடந்த வெறும் வட்டுகள். திருட்டுத்தனமாகத் தோண்டிய ஒருவர் கையில் அந்தப் பை கிடைத்திருந்தால் காசுகள் சந்தைக்கும் வட்டுகள் உருக்கும் உலைக்கும் போயிருக்கும். அமில மண்ணில் உடல் முழுவதும் கரைந்துபோன அந்தக் குழியில், பொருட்கள் வைக்கப்பட்ட ஒழுங்குதான் தலைவன் கிடந்த இடத்தையே சொன்னது.

இங்கிலாந்தின் கும்பிரியாவிலுள்ள கம்விட்டன் என்னும் ஊரருகே 2004இல் கிடைத்த இரண்டு முட்டைவடிவ உடைகுத்திகள் இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கின்றன. உடைகுத்தி என்பது ஆடையின் பட்டைகளைத் தோளில் பிடித்து நிறுத்தும், பின்புறம் ஊசி பொருத்திய அணி; வைக்கிங் பெண்கள் இவ்வகையை இணையாக, தோளுக்கு ஒன்றாக அணிந்தனர். ஆகவே வயலில் ஒரு இணை கிடைத்தால் அங்கே ஒரு பெண்ணின் கல்லறை இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. கருவியோடு நடந்தவர் அதைக் கண்டதும் முறைப்படி தெரிவித்தார். அதன் பின் நடந்த அகழாய்வில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆறு கல்லறைகள் வாள்களோடும் மணிகளோடும் வெளிப்பட்டன. அங்கும் எலும்பு ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை. இத்தகைய அணியின் பின்பக்கத்துத் துருவில் ஆடையின் நூலிழைகள் பதிந்து காக்கப்பட்டிருப்பதுண்டு. தண்ணீர்க் குழாயடியில் பல்துலக்கியால் தேய்த்துப் பளபளப்பாக்கிய அணியில் அந்த ஆடை அழிந்துவிடும், இறந்தவர் என்ன நெசவை உடுத்திச் சென்றார் என்பது பிறகு யாருக்கும் தெரியவராது.

இங்கிலாந்தில் பொறுப்பான தேடலுக்காக 2006இல் வகுத்து 2017இல் திருத்திய நெறிமுறை, நில உரிமையாளரின் அனுமதி பெறவும், உழுத மண்ணின் ஆழத்துக்குக் கீழே தோண்டாதிருக்கவும், மனித எச்சம் தென்பட்டால் வேலையை நிறுத்திவிடவும் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் எழுத்துமூல அனுமதியின்றிக் கருவியைக் கையாளுவதே குற்றம். இருட்டில் வேலி தாண்டிவந்து தோண்டுவோரை அங்கே இரவுப் பருந்துகள் என்று அழைக்கிறார்கள். அவர்களைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை, அது திருட்டு. விவாதம் அனுமதியோடு வருபவரைப் பற்றியது. நில உரிமையாளர் தம் வயலில் நடக்க அனுமதி தரலாம். அந்த வயலுக்கடியில் உறங்குபவர் சார்பில் அவர் தரக்கூடிய அனுமதி எது? கென்டக்கியின் ஸ்லாக் பண்ணையில் 1987இல் பத்துப் பேர் உரிமையாளருக்கு 10,000 டாலர் கொடுத்து, அமெரிக்கப் பழங்குடியினரின் கல்லறைகளை நூற்றுக்கணக்கான குழிகளாகக் குதறியபோது, அவர்கள் கையில் அனுமதி இருந்தது. எழுந்த கொந்தளிப்பால் மாநிலச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பழங்குடிக் கல்லறைகளின் எச்சங்களையும் பொருட்களையும் வழித்தோன்றல்களுக்குத் திருப்பித் தருவதற்கான கூட்டாட்சிச் சட்டம் 1990இல் நிறைவேறியது.

அந்தச் சட்டம் கொள்ளையரை மட்டுமல்லாமல் அருங்காட்சியகங்களையும் கட்டுப்படுத்தியது என்பதை மறக்கக் கூடாது. அனுமதியும் பட்டமும் கொண்ட அறிஞரும் கல்லறையைத்தானே திறக்கிறார் என்று பொழுதுபோக்காளர் கேட்கும்போது, பதிவு செய்கிறார், வெளியிடுகிறார், பொருளை விற்பதில்லை என்ற விடை பாதிதான் நிறைவு தருகிறது. கொடுத்தவரின் எண்ணத்தை மீறுவதில் இருவரும் கூட்டாளிகளே. மீதிப் பாதிக்குப் போலந்தின் திரெப்ளிங்கா ஒரு வழி காட்டுகிறது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்ட அந்த வதைமுகாமின் சாம்பல் நிலத்தைப் போர் முடிந்ததும் சுற்றுவட்டாரத்தினர் பொற்பல்லுக்காகவும் நகைக்காகவும் தோண்டிக் குவித்தனர். பின்னாளில் 2010 முதல் அங்கே ஆய்வு செய்த கரோலின் ஸ்டர்டி கோல்ஸ், புதைந்தவரைக் கிளறக் கூடாது என்ற யூத சமய விதியை ஏற்று, மண்ணைத் தொடாமல் உள்ளிருப்பதை அறியும் ரேடார் முதலிய முறைகளால் குழிகளின் எல்லையை வரைந்தார். பிறகு தோண்டியபோதும் கூட்டுக் கல்லறைகளைத் தவிர்த்தார். கருவியைக் கொண்டு தோண்டாமல் இருக்கவும் முடியும்.

லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களமும் நினைவுகூரத் தக்கது. 1876இல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்த அந்த நிலத்தில் 1983இல் பரவிய தீ புல்லை எரித்துத் தரையைத் திறந்தபின், மறு ஆண்டு தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் முதலியோர் பொழுதுபோக்காளர்களையே தன்னார்வலர்களாக வரிசையில் நடக்கவிட்டு ஆய்வு நடத்தினர். ஓசை கேட்ட இடத்தில் கொடி நடப்பட்டு, ஒவ்வொரு தோட்டாக்கூடும் கிடந்த புள்ளி குறிக்கப்பட்டது. கூட்டில் பதிந்த சுடுமுள் தடத்தைக் கொண்டு தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் நகர்ந்த பாதையே தெரியவந்தது. பிற இடங்களில் காசுக்காக அலையும் அதே கைகள்தான் அங்கே உழைத்தன. எடுத்துச் செல்ல எதுவும் இல்லாமல் உழைத்தன.

தமிழகத்தில் இப்பொழுதுபோக்கு பரவவில்லை என்றாலும் பொருள் புதிதல்ல. தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்பில் விரியும் ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டில் 1876இல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். பின்பு அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அண்மையில் அதே இடத்தில் தாழிகளைக் கிடந்த நிலையிலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும்படி அமைத்திருப்பது, நூற்றைம்பது ஆண்டுகள் தாமதமானாலும், சரியான முடிவு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவு இடுகாட்டில் அத்துமீறுவதைத் தண்டிக்கிறது என்றாலும், அது உயிரோடிருப்பவரின் உணர்வு புண்படுவதையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கிறது. உறவினர் யாரென்றே தெரியாத தாழிக்காட்டுக்கு அந்தக் காவல் எட்டுமா என்பது ஐயமே.

கிணறு வெட்டும்போதோ மனைக்கு வானம் தோண்டும்போதோ தாழியின் விளிம்போ, கல்வட்டமோ, அதனுள் உலோகப் பொருளோ தென்பட்டால், அதைக் கழுவவோ அசைக்கவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, கிடந்தபடியே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் புதையலைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை.